ஒரு வேதிப்பொருள் புரத மொழிபெயர்ப்பின் எந்தப் படியைத் தடுக்கிறது என்று கண்டறியும் முறை

செல்களில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்த சில மணி நேரத்தில் நாம் கவனித்துவரும் புரதம் குறைந்துவிட்டால், அந்தப் பொருள் மொழிபெயர்ப்பை, அதாவது மரபணுவின் நகலான தூது ஆர்என்ஏவை ரைபோசோம் படித்துப் புரதம் கட்டும் வேலையை, தடுக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவிடும் ஆவல் எழுவது இயல்பு. ஆனால் ஒரு புரதம் குறைவதற்கு நான்கு வழிகள் உண்டு. அதன் மரபணு படியெடுக்கப்படாமல் போகலாம். தூது ஆர்என்ஏ விரைவாகச் சிதைந்துவிடலாம். ரைபோசோம் அந்தத் தூதைப் படிக்காமல் விடலாம். உருவான புரதம், செல்லின் புரத அழிப்பு இயந்திரமான புரோட்டியாசோமில் வேகமாக அழிக்கப்படலாம். மூன்றாவது வழிதான் நடந்திருக்கிறது என்று காட்டிய பிறகும், ரைபோசோம் எந்தப் படியில் நின்றது, எல்லாத் தூதுகளிலும் நின்றதா, சிலவற்றில் மட்டும் நின்றதா என்ற கேள்விகள் மிஞ்சுகின்றன. மருந்தாகக்கூடிய ஒரு பொருளை வெறும் நஞ்சிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தக் கடைசிக் கேள்விக்கான விடைதான். செல் வளர்ப்பும், குறிப்பிட்ட புரதத்தை எதிர்ப்பொருளால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டும் ஓரளவு கைவந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அந்த விடையை நோக்கி எந்த வரிசையில் நகரலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: பாதையும் அதன் இரண்டு வாயில்களும்

உட்கரு உள்ள (யூகேரியோட்) செல்லில் மொழிபெயர்ப்பு தொடக்கம், நீட்சி, முடிவு, ரைபோசோம் மறுசுழற்சி என்று நான்கு படிகளாக நடக்கிறது. செல் தன் கட்டுப்பாட்டின் பெரும்பகுதியைத் தொடக்கத்தில் வைத்திருக்கிறது; அது சிக்கனமான ஏற்பாடும்கூட. ஒரு பெப்டைடு பிணைப்புக்கு, அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்என்ஏவில் ஏற்றுவது முதல் ரைபோசோம் ஒரு கோடான் (ஓர் அமினோ அமிலத்துக்கான மூன்றெழுத்துக் குறி) நகர்வது வரை, குறைந்தது நான்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. பாதி கட்டிய புரதத்தைக் கைவிடுவதைவிட, கட்டத் தொடங்காமலே இருப்பது செல்லுக்கு மலிவு.

தொடக்கத்துக்கு இரண்டு வாயில்கள் உண்டு. முதலாவது, இஐஎஃப்2 என்ற காரணி. இது குவானோசின் டிரைபாஸ்பேட்டையும் மெத்தியோனின் ஏற்றிய தொடக்கக் கடத்து ஆர்என்ஏவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரைபோசோமின் சிறிய பாதியான 40எஸ் துணை அலகில் அமர்கிறது. தொடக்கக் கோடான் கண்டறியப்பட்டதும் இதன் டிரைபாஸ்பேட் டைபாஸ்பேட்டாக மாற, அடுத்த சுற்றுக்கு அதைப் புதுப்பித்துத் தருவது இஐஎஃப்2பி என்ற இன்னொரு காரணி. இரண்டாவது வாயில், தூது ஆர்என்ஏவின் 5′ முனையில் உள்ள தொப்பியைப் பிடிக்கும் இஐஎஃப்4எஃப் கூட்டமைப்பு. இதில் தொப்பியைப் பற்றுவது இஐஎஃப்4இ. சுருண்டிருக்கும் ஆர்என்ஏவை விரிக்கும் ஹெலிகேஸ் இஐஎஃப்4ஏ. இரண்டையும் சேர்த்து நிறுத்தும் சட்டகம் இஐஎஃப்4ஜி.

முதல் வாயிலை மூடும் முறை நுட்பமானது. இஐஎஃப்2-இன் ஆல்ஃபா அலகில் 51-ஆம் இடத்தில் உள்ள செரினில் பாஸ்பேட் ஏறினால், அந்த இஐஎஃப்2 இஐஎஃப்2பி-யின் தடுப்பானாகவே மாறிவிடுகிறது. இஐஎஃப்2பி செல்லில் குறைவாகவே இருப்பதால், இஐஎஃப்2-இன் ஒரு பகுதியில் பாஸ்பேட் ஏறினாலே மொத்த மொழிபெயர்ப்பும் சரிகிறது. இந்தப் பாஸ்பேட்டை ஏற்றுபவை நான்கு கைனேஸ்கள்: அமினோ அமிலப் பற்றாக்குறையை உணரும் ஜிசிஎன்2, எண்டோபிளாச வலையில் மடிப்புக் குலைந்த புரதங்கள் தேங்குவதை உணரும் பெர்க், வைரஸ் தொற்றின் அடையாளமான இரட்டை இழை ஆர்என்ஏவை உணரும் பிகேஆர், ஹீம் குறைவையும் மைட்டோகாண்ட்ரியாவின் கோளாறுகளையும் உணரும் எச்ஆர்ஐ. நான்கு நெருக்கடிகளும் ஒரே புள்ளியில் வந்து சேர்வதால்தான் இதனை ஒருங்கிணைந்த நெருக்கடி எதிர்வினை என்கிறார்கள்.

மொத்த உற்பத்தி சரியும் அதே நேரத்தில் சில புரதங்கள் கூடுவதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. ஏடிஎஃப்4 என்ற படியெடுத்தல் காரணியின் தூதில், உண்மையான தொடக்கக் கோடானுக்கு முன்னால் இரண்டு குறுஞ்சட்டகங்கள் (தமக்கெனத் தொடக்கமும் நிறுத்தமும் கொண்ட சிறு படிப்புப் பகுதிகள்) உள்ளன. முதல் குறுஞ்சட்டகத்தைப் படித்து முடித்த 40எஸ் அலகு தூதை விட்டு இறங்காமல் மேலும் தேடிச் செல்கிறது. இஐஎஃப்2 தாராளமாக இருக்கும்போது அது விரைவில் மறுபடி ஆயத்தமாகி இரண்டாம் குறுஞ்சட்டகத்தில் தொடங்கிவிடும். அந்தச் சட்டகம் ஏடிஎஃப்4-இன் தொடக்கத்தைத் தாண்டி ஓடுவதால் ஏடிஎஃப்4 உருவாகாது. இஐஎஃப்2 அரிதாகும்போது அலகு ஆயத்தமாகத் தாமதமாகிறது. அந்தத் தாமதத்திலேயே இரண்டாம் குறுஞ்சட்டகத்தின் தொடக்கத்தைக் கடந்து ஏடிஎஃப்4-இன் தொடக்கத்தை அடைந்துவிடுகிறது. ஈஸ்டில் ஜிசிஎன்4 மரபணுவை ஆராய்ந்து ஆலன் ஹின்னபுஷ் வெளிப்படுத்திய தர்க்கத்தின் மாற்று வடிவம்தான் இது. இதனைப் புரிந்துகொண்டவர்களுக்கு, ஏடிஎஃப்4 கூடியிருக்கும் வெஸ்டர்ன் பிளாட் ஒரு மானியைப் போலப் பயன்படும்.

இரண்டாவது வாயிலின் காவல், ஊட்டத்துக்கேற்பச் செல்லின் வளர்ச்சியை நடத்தும் கைனேஸான எம்டாரின் கூட்டமைப்பு 1-இடம் இருக்கிறது. ஊட்டமும் வளர்ச்சிக் குறிப்புகளும் போதிய அளவு இருக்கும்போது அது 4இ-பிபி என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றி, அதனை இஐஎஃப்4இ-யிலிருந்து விலக்கி வைக்கிறது. எம்டார் ஓய்ந்தால் பாஸ்பேட் இழந்த 4இ-பிபி வந்து இஐஎஃப்4இ-யைப் பற்றிக்கொள்ள, இஐஎஃப்4ஜிக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. ரைபோசோம் புரதங்களின் தூதுகள் இந்த மாற்றத்தால் முதலில் பாதிக்கப்படுகின்றன. அவற்றின் 5′ முனையில் பிரிமிடின்கள் தொடர்ச்சியாக அமைந்த ஓர் அடையாளம் இருப்பதும், அதனைப் பற்றும் லார்ப்1 புரதம் எம்டாரின் கட்டுப்பாட்டில் இருப்பதும் அதற்குக் காரணங்கள்.

நீட்சிப் படியிலும் ஒரு தடை உண்டு. இஇஎஃப்2 கைனேஸ், ரைபோசோமை நகர்த்தும் இஇஎஃப்2 காரணியின் 56-ஆம் திரியோனினில் பாஸ்பேட்டை ஏற்றி அதனை நிறுத்துகிறது. ஆற்றல் குறையும்போது இது செயல்படுகிறது.

முதல் வேலை: புதிய புரத உற்பத்தியை நேரடியாக அளப்பது

புரதத்தின் இருப்பை அளக்காமல், உருவாகும் வேகத்தை அளக்க வேண்டும். கதிரியக்கக் கந்தகம் கொண்ட மெத்தியோனினைச் சேர்த்து அளப்பது பழைய முறை, இன்றும் நம்பகமானது. கதிரியக்க வசதி இல்லாதவர்கள் பியூரோமைசினைப் பயன்படுத்தலாம். அமினோ அமிலம் ஏற்றிய கடத்து ஆர்என்ஏவின் நுனியைப் போலத் தோற்றமளிக்கும் இந்தப் பொருள், வளர்ந்துகொண்டிருக்கும் பெப்டைடின் முனையில் ஒட்டிக்கொண்டு அதனை விடுவித்துவிடும். மில்லிலிட்டருக்கு 1 முதல் 10 மைக்ரோகிராம் அளவில் 10 அல்லது 15 நிமிடம் கொடுத்து, செல்களைச் சிதைத்து, பியூரோமைசினுக்கு எதிரான எதிர்ப்பொருளால் வெஸ்டர்ன் பிளாட் செய்தால், அந்தச் சில நிமிடங்களில் உருவான புரதங்கள் ஒரு நீண்ட படிவரிசையாகத் தெரியும். முழுத் தடைக்கு அளவுகோலாக, நீட்சியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு கொடுத்த செல்களையும், பின்னணிக்காகப் பியூரோமைசினே சேர்க்காத செல்களையும் ஒவ்வொரு முறையும் உடன் ஓட்ட வேண்டும். ஆற்றல் இழந்து வாடும் செல்களில் இந்த முறை தவறான அளவைத் தரக்கூடும் என்பதால், முக்கியமான முடிவு எதையும் இரண்டாவது ஒரு முறையால் உறுதிசெய்யுங்கள்.

நேரம் இங்கே எல்லாவற்றையும்விட முக்கியம். பொருளைச் சேர்த்த 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால், எந்த நஞ்சும் மொழிபெயர்ப்பைக் குறைத்திருக்கும். சாகப்போகும் செல் புரதம் கட்டுவதை நிறுத்துவதில் வியப்பில்லை. 15 நிமிடம், 30 நிமிடம், 1 மணி, 2 மணி, 4 மணி என்று பாருங்கள். நேரடியாக ரைபோசோமைத் தாக்கும் பொருள் முதல் அளவீட்டிலேயே தெரிந்துவிடும். இரண்டு மணிக்குப் பிறகே விளைவு தோன்றினால், அது வேறு எங்கோ தொடங்கி மொழிபெயர்ப்பை வந்தடைந்த விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே நேரங்களில் தூது ஆர்என்ஏவையும் அளந்து, புரோட்டியாசோம் தடுப்பான் சேர்த்த மாதிரியையும் வைத்துக்கொண்டால் மற்ற மூன்று வழிகளும் விலக்கப்படும்.

மாணவர்கள் மிக அடிக்கடி இடறும் ஓரிடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். "எங்கள் பொருள் மிக்கையும் எம்சிஎல்1-ஐயும் மட்டும் குறைக்கிறது, ஆக்டினைக் குறைக்கவில்லை, ஆகவே இது தேர்ந்து செயல்படுகிறது" என்ற வாதம் ஆய்வுக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மிக், எம்சிஎல்1 இரண்டும் புற்றுசெல்கள் நம்பியிருக்கும் புரதங்கள்; ஆக்டின் செல்லின் சட்டகப் புரதம். மிக் புரதத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ அரை மணி நேரம்; எம்சிஎல்1-உம் குறுகிய ஆயுள் கொண்டதே. ஆக்டின் நாள்கணக்கில் நிலைத்திருக்கும். எல்லாத் தூதுகளையும் ஒரே அளவில் நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடைக் கொடுத்தாலும் முதலில் மறைபவை இந்தக் குறுகிய ஆயுள் புரதங்கள்தான். எனவே தேர்வுத்திறனைக் கோருமுன், மொத்த உற்பத்தியைச் சம அளவில் குறைக்கும் செறிவில் சைக்ளோஹெக்சிமைடைக் கொடுத்து, அதே புரதங்களை அருகருகே ஒப்பிடுங்கள். இரண்டு வரிசைகளும் ஒன்றுபோல் இருந்தால் உங்கள் பொருள் தேர்ந்து செயல்படவில்லை. அதற்காக அதனைக் குப்பையில் போட வேண்டியதும் இல்லை: நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு 2012-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த ஓமாசிடாக்சின், ரைபோசோமின் பெரிய அலகில் அமர்ந்து நீட்சியின் முதல் அடிகளைத் தடுக்கும் பொதுத் தடுப்பான்தான். குறுகிய ஆயுள் புரதங்களை நம்பி உயிர் வாழும் புற்றுசெல்களை அது முதலில் வீழ்த்துகிறது. எந்த வழியில் பயன் வருகிறது என்பதைச் சரியாக எழுதினால் போதும்.

இரண்டாவது வேலை: எந்தப் படி என்று பாலிசோமில் பார்ப்பது

பல ரைபோசோம்கள் ஏறிய தூதே பாலிசோம். ஒரு தூதின்மேல் எத்தனை ரைபோசோம்கள் ஏறியிருக்கின்றன என்பதைச் சுக்ரோஸ் அடர்த்திச் சரிவில் பிரித்துப் பார்க்கலாம். செல்களுக்கு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்சிமைடை அறுவடைக்குச் சில நிமிடங்களுக்கு முன் கொடுத்து ரைபோசோம்களை இருந்த இடத்தில் நிறுத்துங்கள். பிறகு எல்லாம் பனிக்கட்டிமேல் நடக்க வேண்டும். சிதைப்புக் கரைசலில் மெக்னீசியம் இருக்க வேண்டும், ஏனெனில் அது இல்லாவிட்டால் 80எஸ் ரைபோசோம் இரண்டு அலகுகளாகப் பிரிந்துவிடும். ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியான ஆர்என்ஏஸின் தடுப்பானும் சேருங்கள். 10 முதல் 50 சதவீதம் வரையிலான சுக்ரோஸ் சரிவின்மேல் சாற்றை மெல்ல ஊற்றி, அதிவேக மையவிலக்கியில் நிமிடத்துக்கு 36,000 முதல் 40,000 சுற்றுகளில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சுழற்றி, 254 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வைப் பதிவுசெய்தால், 40எஸ், 60எஸ், 80எஸ், அதன்பின் பாலிசோம் முகடுகள் வரிசையாகத் தெரியும். அதே சாற்றின் ஒரு பகுதியில் மெக்னீசியத்தைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ சேர்த்தும் ஓட்டுங்கள்: பாலிசோம் முகடுகள் கரைந்துபோனால்தான் அவை உண்மையில் ரைபோசோம்கள்.

படத்தைப் படிக்கும் விதி எளிது. தொடக்கம் தடைப்பட்டால், ஏற்கெனவே ஏறிய ரைபோசோம்கள் ஓடி முடித்து இறங்கிவிட, புதியவை ஏறாததால் பாலிசோம்கள் சரிந்து 80எஸ் முகடு உயரும். நீட்சி தடைப்பட்டால் ரைபோசோம்கள் தூதின்மேலேயே நின்றுவிடும்; பியூரோமைசின் அளவீட்டில் உற்பத்தி வீழ்ந்திருந்தும் பாலிசோம்கள் குறையாமல், சில வேளைகளில் கூடியும் காணப்படும். உற்பத்தி குறைவு, பாலிசோம் நிறைவு என்ற இந்த முரண்தான் நீட்சித் தடையின் கையெழுத்து.

விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது, அது பலரை ஏமாற்றியிருக்கிறது. ஹாரிங்டோனினும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஓமாசிடாக்சினும் தொடக்கக் கோடானில் புதிதாக அமைந்த ரைபோசோமை மட்டும் அங்கேயே நிறுத்துகின்றன. முன்னே சென்றுவிட்டவற்றைத் தொடுவதில்லை. ஆகவே அவை நீட்சிப் படியின் மருந்துகளாக இருந்தும் பாலிசோம் படத்தில் தொடக்கத் தடையைப் போலவே தோன்றுகின்றன. இதே பண்பை நாம் ஒரு கருவியாகவும் பயன்படுத்தலாம். முதலில் உங்கள் பொருளைக் கொடுத்து, பிறகு ஹாரிங்டோனினைச் சேர்த்து, பாலிசோம்கள் எவ்வளவு வேகத்தில் வடிகின்றன என்று நிமிடந்தோறும் பாருங்கள். பாலூட்டிச் செல்லில் ரைபோசோம் நொடிக்கு ஏறத்தாழ ஐந்தாறு கோடான்கள் நகர்வதால், சில நிமிடங்களில் பெரும்பாலான தூதுகள் காலியாக வேண்டும். காலியாகாவிட்டால் நீட்சி மந்தமாகியிருக்கிறது.

மூன்றாவது வேலை: வாயில்களைச் சோதிப்பது

தொடக்கத் தடை என்று தெரிந்தபின், எந்த வாயில் மூடியது என்பதை வெஸ்டர்ன் பிளாட் சொல்லும். பாஸ்பேட் ஏறிய இஐஎஃப்2 ஆல்ஃபா, ஏடிஎஃப்4, 4இ-பிபி1, பாஸ்பேட் ஏறிய எஸ்6 (எம்டார் வழியில் பாஸ்பேட் பெறும் ரைபோசோம் புரதம்), பாஸ்பேட் ஏறிய இஇஎஃப்2 ஆகிய ஐந்தையும் ஒரே சாற்றில் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பாஸ்பேட் சாராத மொத்த அளவையும் பாருங்கள். முதல் வாயிலுக்கு நேர்க் கட்டுப்பாடாகப் பெர்க்கைத் தூண்டும் தாப்சிகார்ஜினையும், இரண்டாம் வாயிலுக்கு எம்டாரின் வினைமையத்தைத் தடுக்கும் டோரின்1-ஐயும் வைத்துக்கொள்ளலாம். ராப்பாமைசினை அந்த இடத்தில் வைக்காதீர்கள். அது எஸ்6 கைனேஸ் வழியை நன்றாக அணைத்தாலும் 4இ-பிபியின் பாஸ்பேட்டைப் பாதியளவே இறக்குகிறது. மொழிபெயர்ப்பில் எம்டாரின் பங்கு சிறியது என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டதற்கு ராப்பாமைசினின் இந்த அரைகுறைத் தடையே பெரிய காரணம்.

வளர்ப்பு ஊடகத்தைப் பற்றியும் எச்சரிக்கையாக இருங்கள். இரண்டு நாள் மாற்றப்படாத ஊடகத்தில் நெருக்கமாக வளர்ந்த செல்களில் அமினோ அமிலம் குறைந்து, எந்தப் பொருளும் சேர்க்காத கட்டுப்பாட்டு மாதிரியிலேயே இஐஎஃப்2 பாஸ்பேட் கூடியிருக்கும். ஒரு முழுத் தொடர் சோதனையை இந்தக் கவனக்குறைவால் நான் வீணாக்கியிருக்கிறேன். முந்தைய நாள் மாலையில் புது ஊடகம் மாற்றுவதும், எல்லாத் தட்டுகளிலும் ஒரே எண்ணிக்கையில் செல்களை விதைப்பதும் பழக்கமாகட்டும்.

இஐஎஃப்2 பாஸ்பேட் கூடியது என்பது தொடர்பைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. காரணத்தைக் காட்ட இஸ்ரிப் உதவும். 2013-இல் பீட்டர் வால்டரின் ஆய்வுக்குழு அறிவித்த இந்தச் சிறு மூலக்கூறு இஐஎஃப்2பி-யின் இரு பாதிகளை இணைத்து நிலைநிறுத்தி, பாஸ்பேட் ஏறிய இஐஎஃப்2 இருக்கும்போதே அதனை இயங்க வைக்கிறது. உங்கள் பொருளோடு ஏறத்தாழ 200 நானோமோலார் இஸ்ரிப்பைச் சேர்த்தால் மொழிபெயர்ப்பு மீள வேண்டும், ஏடிஎஃப்4 இறங்க வேண்டும். மீளவில்லை என்றால் இஐஎஃப்2 பாஸ்பேட் பக்கவிளைவாக இருக்கலாம். பாஸ்பேட் மிக அதிகமாக ஏறியிருந்தாலும் இஸ்ரிப் தோற்றுவிடும் என்பதால், குறைந்த செறிவிலும் சோதித்துப் பாருங்கள். 51-ஆம் செரினை அலனினாக மாற்றிய செல்களில் விளைவு மறைகிறதா என்பது இதைவிட உறுதியான சான்று. இரண்டாம் வாயிலுக்கு இணையான சோதனை, 4இ-பிபி மரபணுக்கள் நீக்கப்பட்ட செல்கள்: எம்டார் தடுப்பான்களின் மொழிபெயர்ப்பு விளைவு அவற்றில் பெரிதும் மங்குகிறது.

நான்கு கைனேஸ்களில் எது என்பதை, ஒவ்வொன்றும் நீக்கப்பட்ட செல்களில் சோதித்து அறியலாம். இதில் ஒரு சிறந்த துப்பறியும் கதை உண்டு. ஹாலோஃபியூஜினோன் என்ற பொருள் ஜிசிஎன்2 வழியாக நெருக்கடி எதிர்வினையைத் தூண்டுகிறது. ஊடகத்தில் புரோலினை மிகுதியாகச் சேர்த்தால் அதன் விளைவு அடங்கிவிடுகிறது. புரோலினைக் கடத்து ஆர்என்ஏவில் ஏற்றும் நொதிதான் அதன் இலக்கு என்பது இதிலிருந்து வெளிப்பட்டது. உங்கள் பொருளின் விளைவு ஜிசிஎன்2 இல்லாத செல்களில் மறைந்தால், அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மிகுதியாகச் சேர்த்துப் பார்ப்பது செலவில்லாத சோதனை. அதோடு, நெராடினிப் போன்ற சில கைனேஸ் தடுப்பான்கள் ஜிசிஎன்2-ஐத் தாங்களே தூண்டிவிடுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் பொருள் ஏடிபி பிணையும் இடத்தைத் தேடும் வகையைச் சேர்ந்தது என்றால் இந்தச் சாத்தியத்தை முதலில் விலக்குங்கள்.

ரிப்போர்ட்டர் மரபணுக்களை நம்புமுன்

எளிதில் அளக்கக்கூடிய புரதத்தைத் தரும் மரபணுவே ரிப்போர்ட்டர். ஒளி உமிழச் செய்யும் நொதியான லூசிஃபெரேஸின் ஒளியை அளப்பது ஆயிரக்கணக்கான பொருள்களை விரைவாகச் சோதிக்க ஏற்றது. அந்த ஒளி, மொழிபெயர்ப்பையும் நொதியின் நிலைப்பையும் நொதியின் வேகத்தையும் ஒன்றாகப் பெருக்கித் தரும் எண் என்பதை மறக்கும்போது பெரிய தவறு நேர்கிறது. அட்டாலுரென் வரலாறு இதற்குச் சான்று. முன்கூட்டியே வரும் நிறுத்தக் கோடானைத் தாண்டிப் படிக்க ரைபோசோமைத் தூண்டும் பொருளாக, மின்மினி லூசிஃபெரேஸ் ரிப்போர்ட்டரை வைத்து அது தேர்ந்தெடுக்கப்பட்டது. மின்மினி லூசிஃபெரேஸ் நொதியிலேயே அந்தப் பொருள் ஒட்டி, செல்லுக்குள் நொதியை நிலைநிறுத்தி, ஒளியைக் கூட்டக்கூடும் என்று 2009-இல் வேறொரு குழு காட்டியது. டுஷேன் தசைநார்ச் சிதைவு நோய்க்கு ஐரோப்பாவில் 2014-இல் நிபந்தனையோடு அது அனுமதி பெற்றது. பயன் போதிய அளவு உறுதிப்படவில்லை என்று 2025-இல் அந்த அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. நிறுத்தக் கோடானைத் தாண்டிப் படிக்க வைக்கும் எண்ணம் தவறானது அல்ல. ஜி418 போன்ற அமினோகிளைக்கோசைடு வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் அதனைச் செய்கின்றன, நச்சுத்தன்மைதான் தடையாக உள்ளது. நோயாளிகளும் பெற்றோரும் இத்தனை ஆண்டுகள் காத்திருந்த ஒரு விஷயத்தில், முதல் சோதனையின் கருவியே கேள்விக்குள்ளானது என்பது என்னை இன்னமும் வருத்துகிறது. ஆகவே இரண்டு தொடர்பற்ற ரிப்போர்ட்டர்களைப் பயன்படுத்துங்கள்; தூய்மைப்படுத்திய நொதிமேல் உங்கள் பொருளை நேரடியாகச் சேர்த்து ஒளி மாறுகிறதா என்று பாருங்கள்; கடைசியில் செல்லின் இயல்பான புரதத்தையே அளந்து முடிவு செய்யுங்கள்.

முயலின் முதிராச் சிவப்பணுக்களின் (ரெட்டிகுலோசைட்) சாற்றில் செய்யும் செல் சாரா மொழிபெயர்ப்பு இன்னொரு நல்ல சோதனை. அங்கே படியெடுத்தலும் இல்லை, செல் சவ்வும் இல்லை. அந்தச் சாற்றிலும் உங்கள் பொருள் தடுத்தால், இலக்கு மொழிபெயர்ப்பு இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

எந்தத் தூதுகள் என்ற கேள்வி

2009-இல் நிக்கோலஸ் இங்கோலியாவும் ஜொனாதன் வைஸ்மனும் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ரைபோசோம் தடப்பதிவு முறை இந்தக் கேள்வியை அடியோடு மாற்றியது. ஆர்என்ஏஸ் நொதியால் திறந்த பகுதிகளைச் செரித்துவிட்டு, ரைபோசோம் மூடிக் காத்த ஏறத்தாழ 28 முதல் 30 நியூக்ளியோடைடு நீளத் துண்டுகளை மட்டும் வரிசைப்படுத்தினால், செல்லின் ஒவ்வொரு ரைபோசோமும் எந்தத் தூதின் எந்தக் கோடானில் நின்றது என்பது தெரிகிறது. ஒரு தூதின் துண்டுகளை அதன் ஆர்என்ஏ அளவால் வகுத்தால் மொழிபெயர்ப்புத் திறன் கிடைக்கும். இது ஒப்பீட்டு எண் என்பதால், மொத்த மொழிபெயர்ப்பு பாதியாகக் குறைந்தாலும் அது காட்டாது. வேற்றினச் செல்களின் சாற்றைக் குறிப்பிட்ட அளவில் கலந்து அளவுகோலாக வைப்பது நல்லது. இங்கே சைக்ளோஹெக்சிமைடை முன்கூட்டியே கொடுப்பதால் தொடக்கக் கோடான் அருகே போலிக் குவியல்கள் உண்டாகலாம். செல்களை உடனடியாக உறைய வைத்து, சிதைப்புக் கரைசலில் மட்டும் அதனைச் சேர்ப்பது பாதுகாப்பு.

இந்த முறையால் தெரியவந்த ஒன்று, ரைபோசோமை நேரடியாகப் பற்றும் பொருள்களும் முழுப் பொதுத் தடுப்பான்கள் அல்ல என்பதுதான். பாக்டீரிய ரைபோசோமைத் தாக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளான குளோராம்பெனிக்காலும் லினசோலிடும் வளரும் பெப்டைடின் முனைக்கு அருகே குறிப்பிட்ட அமினோ அமிலங்கள் இருக்கும்போது மிக நன்றாகத் தடுக்கின்றன. ரோகாகிளமைடு, ஹெலிகேஸான இஐஎஃப்4ஏ-வைத் தூதில் பியூரின்கள் தொடர்ந்து வரும் இடங்களில் பூட்டிவிடுகிறது. எல்லாவற்றையும்விட வியப்பானது 2017-இல் வெளியான பிஎஃப்-06446846: ரத்தக் கொழுப்போடு தொடர்புடைய பிசிஎஸ்கே9 புரதத்தின் வளரும் சங்கிலி ரைபோசோமின் வெளியேறும் குகைக்குள் இருக்கும்போது, அந்த ரைபோசோமை மட்டும் பெரும்பாலும் நிறுத்துகிறது. செல்லின் மிகப் பொதுவான இயந்திரத்தைத் தொட்டும் ஒரே புரதத்தைக் குறைக்க முடியும் என்று காட்டியதால், இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஆய்வு இது. வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருக்கு 2009-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ரைபோசோம் வடிவ ஆய்வுகள் இல்லாமல் இத்தகைய பொருள்கள் செயல்படும் விதத்தை விளக்கியிருக்க முடியாது.

இலக்கை மரபியலால் உறுதிசெய்வது

ஒட்டுகிறது என்பதும் அந்த ஒட்டல்தான் விளைவுக்குக் காரணம் என்பதும் வேறு வேறு. இலக்கில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, செல் உங்கள் பொருளை எதிர்த்து நிற்கிறதா என்று பார்ப்பதே இறுதிச் சான்று. ரோகாகிளமைடு இதற்கு அழகான உதாரணம். அதனை உற்பத்தி செய்யும் அக்லேயா தாவரங்கள் தங்கள் சொந்த நஞ்சால் சாவதில்லை, ஏனெனில் அவற்றின் இஐஎஃப்4ஏ-வில் மனிதப் புரதத்தின் 163-ஆம் ஃபினைல்அலனினுக்கு நிகரான இடத்தில் வேறு அமினோ அமிலம் இருக்கிறது. அதே மாற்றத்தை மனிதச் செல்லில் புகுத்தினால் அந்தச் செல்லும் எதிர்ப்பு பெறுகிறது. மலேரியா ஒட்டுண்ணியில் செயல்படும் கபாமிகுயினின் இலக்கும் இவ்வாறே வெளிப்பட்டது: எதிர்ப்பு பெற்ற ஒட்டுண்ணிகளின் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்தியபோது மாற்றங்கள் இஇஎஃப்2-இல் குவிந்திருந்தன. இலக்கைப் பற்றி எந்த ஊகமும் இல்லாதவர்கள் இந்த வழியிலிருந்தே தொடங்கலாம். குறைந்த செறிவில் மாதக்கணக்கில் வளர்க்கும் பொறுமை வேண்டும்.

மருந்தாகுமா என்று எடைபோடுவது

செல் தட்டில் கிடைத்த விடை நோயாளிக்கு உதவ, நோயுற்ற செல்லுக்கும் நலமான செல்லுக்கும் இடையில் தேவை வேறுபட வேண்டும். இஐஎஃப்4இ-யில் அந்த வேறுபாட்டுக்கு நல்ல சான்று உண்டு. அதனை மிகுதியாக உருவாக்கும் செல்கள் புற்றுத்தன்மை அடைகின்றன என்று 1990-லேயே காட்டப்பட்டது. அதன் மரபணுவில் ஒரு படி மட்டும் உள்ள எலிகள் இயல்பாக வளர்கின்றன, ஆனால் அவற்றின் செல்கள் புற்றாக மாறுவதை எதிர்க்கின்றன என்று 2015-இல் காட்டப்பட்டது. நலமான செல்லுக்குப் பாதி அளவே போதும், புற்றுசெல்லுக்கு முழு அளவும் வேண்டும் என்ற இந்த இடைவெளிதான் மருந்தின் இடம். உங்கள் இலக்குக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்: மரபணுவை முழுவதும் நீக்காமல், பாதியாகக் குறைத்து இரு வகைச் செல்களையும் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெர்க் தடுப்பான்கள் எலிகளின் கணையத்தைச் சேதப்படுத்தின; நாள்தோறும் பெருமளவு புரதம் சுரக்கும் உறுப்புக்கு பெர்க்கின் கட்டுப்பாடு இன்றியமையாதது. பெர்க் மரபணுவில் பழுதோடு பிறக்கும் குழந்தைகளுக்கு இளம் வயதிலேயே நீரிழிவு வருவதை அறிந்தவர்களுக்கு இது எதிர்பாராத செய்தியாக இருந்திருக்காது. மனித மரபியல் நோய்களை முதலிலேயே படித்துவிடுவது பல ஆண்டு உழைப்பை மிச்சப்படுத்தும். இஐஎஃப்2பி-யில் பழுது இருந்தால் மூளையின் வெண்பொருள் மறையும் நோய் வருகிறது. ரைபோசோம் புரத மரபணுக்களில் பழுது இருந்தால் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தி குன்றுகிறது. இஐஎஃப்2பி-யை ஊக்குவிக்கும் மருந்துகள் தசைப்பக்கத் தண்டுவட மரப்பு (ஏஎல்எஸ்) நோயில் சோதிக்கப்பட்டு முதன்மை இலக்கை எட்டவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்: உயிரியல் தெளிவாக இருப்பதும் குறிப்பிட்ட நோயில் அது தீர்மானிக்கும் படியாக இருப்பதும் ஒன்றல்ல.

பாக்டீரியாவின் ரைபோசோமைக் குறிவைப்பவர்கள் மைட்டோகாண்ட்ரியாவைக் கட்டாயம் சோதிக்க வேண்டும், ஏனெனில் அதன் ரைபோசோம் பாக்டீரிய மரபில் வந்தது. லினசோலிடை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடுவதும், எலும்பு மஜ்ஜை ஒடுங்குவதும் இதனோடு தொடர்புடையவை. சோதனை எளிது: மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தருகிற 13 புரதங்களில் ஒன்றான காக்ஸ்1-ஐயும், கருவின் டிஎன்ஏ தருகிற எஸ்டிஎச்ஏ-வையும் செல்கள் பலமுறை பிரியும் வரை, அதாவது ஐந்தாறு நாள், பொருளோடு வளர்த்து ஒப்பிடுங்கள். காக்ஸ்1 மட்டும் குறைந்தால் மைட்டோகாண்ட்ரியா பாதிக்கப்படுகிறது. குளுக்கோஸுக்குப் பதில் காலக்டோஸ் உள்ள ஊடகத்தில் செல்கள் தடுமாறுகின்றனவா என்பதையும் உடன் பாருங்கள்.

விலங்குச் சோதனைக்குப் போகும்போது, மருந்து இலக்கைத் தொட்டதா என்று காட்டும் ஓர் அளவீட்டை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். இலக்கு இரண்டாம் வாயில் என்றால் கட்டியிலும் கல்லீரலிலும் 4இ-பிபி பாஸ்பேட்; முதல் வாயில் என்றால் ஏடிஎஃப்4-ஆல் தூண்டப்படும் மரபணுக்களின் தூது அளவு; நீட்சி என்றால் விலங்குக்கே பியூரோமைசின் செலுத்தி அளக்கும் உற்பத்தி. ஒரு வேளை மருந்து கொடுத்த பின் 1, 4, 24 மணி நேரங்களில் இவற்றை அளந்து, தடை எவ்வளவு நேரம் நீடிக்கிறது, நலமான உறுப்பு கட்டிக்கு முன்னதாக மீள்கிறதா என்று பார்த்து, அந்த இடைவெளிக்கு ஏற்ப அடுத்த வேளையைக் குறியுங்கள். முதல் வாரத்திலிருந்தே உடல் எடை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கணையத் திசு, குடலின் உட்சுவர் ஆகிய நான்கையும் தனித்தனியே பதிவுசெய்யுங்கள். பொருளின் அளவைக் குறைக்க வேண்டிய தேவை முதலில் தெரியவருவது பெரும்பாலும் இந்தத் திசுக்களில்தான்.